மலை தெரியும் ரியோகான்: ஜன்னல் எந்தப் பக்கம் என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்

பொன்னி | 14 செப்டம்பர், இரவு 9:10

டிசம்பர் இரண்டாவது வாரம் ஜப்பான் போறோம். அப்பா அம்மாவும் வர்றாங்க, ரெண்டு பேருக்கும் 65 தாண்டியாச்சு. அம்மா சைவம், முட்டை மட்டும் சேர்த்துப்பாங்க. ஒரு ராத்திரி ரியோகான்ல, அதான் பாய் விரிச்ச பழைய பாணி விடுதியில தங்கணும், காலையில எழுந்ததும் ஜன்னல்ல ஃபூஜி மலை தெரியணும். ஹாக்கோனேயில எந்த ரியோகான் எடுத்தாலும் அறையிலிருந்தே ஃபூஜி தெரியும்னு ஒரு வீடியோவுல சொன்னாங்க. அப்ப விலை குறைஞ்சதா பார்த்து ஒண்ணு எடுத்துடலாம்தானே?

மலைமுகடு | 14 செப்டம்பர், இரவு 10:25

எடுத்துவிடாதீர்கள். ஹாக்கோனே ஒரு பழைய எரிமலைக் குழிக்குள் இருக்கிற ஊர். விடுதிகள் நெருக்கமாக உள்ள யுமோதோ, தோனோசாவா, மியானோஷிதா மூன்றுமே ஹயாகவா ஆறு அறுத்த பள்ளத்தாக்கில் இருக்கின்றன. ஃபூஜி அங்கிருந்து வடமேற்கே. நடுவில் 1,438 மீட்டர் உயரக் காமியாமாவும் குழியின் விளிம்பு மலைகளும் நின்று மறைக்கின்றன. அறை ஜன்னலில் எதிர்மலைக் காடும் கீழே ஆறும் தெரியும், அதுவும் அழகுதான். ஆனால் நீங்கள் கேட்டது அதுவல்ல.

ஹாக்கோனேயில் ஃபூஜி தெரிகிற இடங்கள் உண்டு: ஆஷி ஏரியின் தென்கரையில் மோட்டோ-ஹாக்கோனே, ரோப்வே போகிற ஓவாக்குதானி. அங்கே பகலில் போய்ப் பார்க்கலாம். படுக்கையிலிருந்து பார்க்க வேண்டுமென்றால் ஃபூஜியின் வடக்கே யமானாஷி மாகாணத்துக் கவாகுச்சிகோ ஏரிக்குப் போங்கள்.

மலைமுகடு | 14 செப்டம்பர், இரவு 11:02

கவாகுச்சிகோ என்று எழுதிவிட்டால் போதாது, எந்தக் கரை என்று சொல்ல வேண்டும்.

ஃபூஜி ஏரிக்குத் தெற்கே இருக்கிறது. ரயில் நிலையத்தை ஒட்டிய ஃபுனாட்சு பகுதி தென்கரை. அங்கே ஏரியைப் பார்த்த அறை எடுத்தால் ஜன்னல் வடக்கே திறக்கும், ஏரி முழுக்கத் தெரியும், ஃபூஜி முதுகுப் பக்கம் நிற்கும். 'லேக் வியூ' என்று கூடுதல் பணம் கட்டி மலையைக் கோட்டைவிடுவது இப்படித்தான். வடகரையில் ஓய்ஷி, வடகிழக்கில் அசாகாவா: இந்தப் பக்கத்து விடுதிகளில்தான் முன்னால் ஏரி, அதற்குப் பின்னால் ஃபூஜி என்று இரண்டும் ஒரே ஜன்னலில் கிடைக்கும்.

வரைபடத்தில் விடுதியைக் குத்துங்கள். அங்கிருந்து ஃபூஜி உச்சிக்கு ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். அந்தக் கோடு விடுதியின் நீளச் சுவரை வெட்டிக்கொண்டு போனால் அந்தப் பக்கத்து அறைகள் எல்லாவற்றுக்கும் மலை உண்டு. குறுகிய சுவர் வழியாகப் போனால் ஓரத்து ஒன்றிரண்டு அறைகளுக்குத்தான்.

பொன்னி | 15 செப்டம்பர், காலை 7:40

வடகரையில ஒண்ணு பார்த்தேன். 'மவுண்டன் சைடு' அறைன்னு போட்டிருக்கு, ஒருத்தருக்கு 4,000 யென் கம்மி! எடுக்கட்டுமா?

மலைமுகடு | 15 செப்டம்பர், காலை 8:15

வேண்டாம். 'யாமா காவா', அதாவது மலைப்பக்கம் என்று விலைப்பட்டியலில் இருந்தால் பெரும்பாலும் அது விடுதிக்குப் பின்புறச் சரிவு. ஜன்னலைத் திறந்தால் பத்தடியில் மண்சுவரும் மூங்கிலும் இருக்கும். விலை குறைவதே அதனால்தான். உங்களுக்கு வேண்டியது 'ஃபுஜிசான் காவா', அதாவது ஃபூஜிப் பக்கம். அறை விவரத்தில் 'ச்சோபோ நாஷி' என்று வந்தால் காட்சி கிடையாது. 'ஒமகாசே' என்று வந்தால் எந்த அறை என்பதை விடுதியே முடிவு செய்யும். மிச்சமிருக்கிற அறைதான் கிடைக்கும்.

தளமும் கேளுங்கள். ஏரிக்கரைச் சாலையில் மரங்கள், மின்கம்பங்கள், சுற்றுலாப் பேருந்து நிறுத்தம் எல்லாம் உண்டு. இரண்டாம் தளத்துக்கும் ஐந்தாம் தளத்துக்கும் காட்சியில் பெரிய வித்தியாசம் வரும்.

சுரங்கப்பாதை | 15 செப்டம்பர், மாலை 6:30

ஒரு கேள்வி. ஃபூஜி மேகத்துக்குள்ள ஒளிஞ்சுக்கும்னு சொல்றாங்களே, அத்தனை பணம் கட்டிட்டு வெள்ளைத் திரையைப் பார்த்துட்டு வரணுமா?

மலைமுகடு | 15 செப்டம்பர், இரவு 9:50

மாதத்தைப் பொறுத்தது. நவம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை காற்று உலர்ந்திருக்கும், தெளிவான நாட்கள் அதிகம். ஜூன், ஜூலை, ஆகஸ்டில் ஈரம் ஏறி மலை நாள்கணக்கில் தெரியாமலே போகும். பள்ளி விடுமுறைக்கு ஜூலையில் போகிறவர்கள் ஃபூஜி அறைக்குக் கூடுதல் பணம் கட்டுவதை நான் ஆதரிக்க மாட்டேன். டிசம்பர் நல்ல தேர்வு.

ஒரே நாளுக்குள்ளும் நேரம் உண்டு. விடிந்ததும் தெளிவு. வெயில் ஏற ஏறச் சரிவில் ஈரக்காற்று மேலேறி மேகம் கட்டும், சில நாள் சாயங்காலம் மறுபடி கலையும். குளிர்காலத்தில் சூரியன் தெற்கே தாழ்வாகப் போவதால், வடகரையிலிருந்து நண்பகலில் பார்த்தால் மலை வெளிச்சத்துக்கு எதிரே கறுத்து நிற்கும். விடியலில் உச்சியின் கிழக்குப் பக்கம்தான் முதலில் ஒளி வாங்கும், அங்குள்ள பனி சில நிமிடம் இளஞ்சிவப்பாக மாறும். உச்சியில் தொப்பி கவிழ்த்தாற்போல் ஒரு மேகம் உட்கார்ந்தால் மழை வரும் என்பது அந்தப் பக்கத்து மக்களின் கணிப்பு, பெயர் 'கசாகுமோ'.

மலைமுகடு | 15 செப்டம்பர், இரவு 10:20

மேலே எழுதியதோடு சேர்த்துப் படியுங்கள்: டிசம்பரில் அங்கே சூரியன் மறைவது மாலை 4:30 வாக்கில். செக்-இன் பெரும்பாலும் 3 மணிக்கு. டோக்கியோவில் மத்தியானச் சாப்பாடு முடித்துவிட்டுக் கிளம்பி 5 மணிக்குப் போய்ச் சேர்ந்தால் மலை இருட்டிவிட்டிருக்கும். கையில் மிஞ்சுவது மறுநாள் காலை மட்டும். அன்று மேகம் வந்தால் அதுவும் போச்சு. 3 மணிக்கு விடுதி வாசலில் நில்லுங்கள். ஒரு ராத்திரி வாடகை என்பது இங்கே பகல் 3 மணி முதல் மறுநாள் 10 மணி வரையிலான நேரம், அதில் வெளிச்சம் இருக்கிற மணிகள் கொஞ்சம்தான்.

ஷின்ஜுகுவிலிருந்து 'ஃபுஜி கைய்யு' விரைவு ரயில் நேராகக் கவாகுச்சிகோ போகிறது, 2 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. எல்லாம் முன்பதிவு இருக்கைகள்தான். ஜப்பான் ரயில் பாஸ் ஓட்சுகி வரைதான் செல்லும், அதற்கு மேல் ஃபூஜிக்யூ என்ற தனியார் ரயில் பாதைக்குத் தனிக் கட்டணம். பேருந்து மலிவு, ஆனால் சனி ஞாயிறில் நெடுஞ்சாலையில் மாட்டிக்கொள்ளும்.

ஓசாகா ஓரம் | 16 செப்டம்பர், காலை 6:55

ஃபூஜியையே எல்லாரும் கட்டிக்கிட்டு அழறதுல எனக்கு உடன்பாடு இல்ல. மலைங்கறது சுத்தி நிக்கணும். ஒகுஹிதா போங்க, ஜப்பான் ஆல்ப்ஸ் மலைக்குள்ள இருக்கிற வெந்நீர் ஊர்கள். தகயாமாவிலிருந்து பஸ்ல ஹிராயு ஒரு மணி நேரம், அங்கிருந்து உள்ளே ஷின்-ஹோதகா. 3,190 மீட்டர் ஒகு-ஹோதகா, 3,180 மீட்டர் யாரி, ரெண்டும் பக்கத்துல. ரோப்வே உச்சி நிலையமே 2,156 மீட்டர்ல இருக்கு.

மலைமுகடு | 16 செப்டம்பர், காலை 9:30

நல்ல யோசனை, எனக்கும் ஒகுஹிதாதான் பிடித்தது. ஆனால் பொன்னியின் குடும்பத்துக்கு டிசம்பரில் சில விஷயங்களைப் பார்க்க வேண்டும்.

ஒகுஹிதா என்பது ஐந்து ஊர்கள்: ஹிராயு, ஃபுகுஜி, ஷின்-ஹிராயு, தோச்சியோ, ஷின்-ஹோதகா. ஹிராயு பேருந்துச் சந்திப்பு, வசதி அதிகம். காட்சிக்கென்றே போகிறவர்கள் இன்னும் உள்ளே, ஷின்-ஹோதகா பக்கம் ஆற்றோர விடுதிகளைப் பார்க்கலாம். பள்ளத்தாக்கு என்பதால் சூரியன் தாமதமாக வந்து சீக்கிரம் போய்விடும். பக்கத்து மலைப் பள்ளத்தாக்கான காமிகோச்சி நவம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் நடுவு வரை மூடல், அதைத் திட்டத்தில் சேர்க்காதீர்கள். 1997இல் அபோ சுரங்கம் திறந்த பிறகு மாட்சுமோட்டோ பக்கமிருந்து குளிர்காலத்திலும் பேருந்து வருகிறது. ஆனால் வாடகைக் காரில் போனால் பனி டயர் இல்லாமல் ஏறக்கூடாது.

அங்கே சாப்பாட்டில் ஹிதா மாட்டிறைச்சியும் உப்புத் தடவிச் சுட்ட இவானா மீனும்தான் பெருமை. சைவக்காரருக்கு அது இன்னும் சிரமம்.

பொன்னி | 16 செப்டம்பர், மதியம் 1:05

அம்மா சாப்பாடுதான் பெரிய கவலை. 'வெஜிடேரியன்'னு எழுதினா காய்கறி நிறைய வைப்போம்னு பதில் வந்திருக்கு. போதுமா?

மலைமுகடு | 16 செப்டம்பர், இரவு 8:40

போதாது. காய்கறி வைப்பார்கள், ஆனால் அது வெந்தது தாஷியில். தாஷி என்பது அடிப்படைச் சாறு. பெரும்பாலும் கொம்பு என்கிற கடற்பாசியோடு காட்சுவோ மீன் சீவலைப் போட்டு இறக்குவது. மிசோ சூப், சாவான்முஷி என்கிற ஆவியில் வேகவைத்த முட்டை, வேகவைத்த பூசணி, டெம்புரா தொட்டுக்கொள்ளும் நீர், உருட்டிய முட்டை எல்லாவற்றிலும் அது இருக்கும். மீன் கண்ணுக்குத் தெரியாததால் சமையற்காரர் அதை மீனாகவே கணக்கில் எடுப்பதில்லை. நாட்டோ என்கிற புளித்த சோயாவோடு வரும் குட்டிச் சாஸ் பொட்டலத்தில்கூட மீன்சாறு இருப்பது வழக்கம்.

ஆகவே கேள்வியைத் துல்லியமாக்குங்கள். இந்த மூன்று வாக்கியங்களை மொழிபெயர்ப்புச் செயலியில் ஜப்பானிய எழுத்துக்கு மாற்றி அனுப்புங்கள், வாயாலும் சொல்லலாம்:

நிகு தொ சகானா வா தபேராரெமாசென். (இறைச்சியும் மீனும் சாப்பிட முடியாது.)
காட்சுவோ தாஷி மோ தாமே தெஸ். (மீன் சாறும் கூடாது.)
கொம்பு தாஷி தொ தமாகோ வா தாய்ஜோபு தெஸ். (கடற்பாசிச் சாறும் முட்டையும் பரவாயில்லை.)

கட்டாயம் முன்பதிவுக்கு முன்னால் அனுப்புங்கள். ரியோகானில் மெனு கிடையாது. அன்றைக்கு எத்தனை பேரோ அத்தனை தட்டுக்குச் சரக்கு வாங்கிச் சாறு இறக்கியிருப்பார்கள். போய் உட்கார்ந்த பிறகு சொன்னால் சோறும் ஊறுகாயும் தவிர வைக்க ஒன்றுமிராது. முடியாது என்று பதில் வந்தால் மனம் சுளிக்க வேண்டாம், நேர்மையான பதில் அது. வேறு விடுதி பாருங்கள்.

இன்னொரு வழி, அம்மாவுக்கு மட்டும் 'சுதோமாரி', அதாவது சாப்பாடு இல்லாத கட்டணம் கேட்பது. ஒரே அறையில் இரண்டு வகைக் கட்டணத்துக்கு எல்லா இடத்திலும் ஒத்துக்கொள்வதில்லை. பருப்புப் பொடி, ஊறுகாய் கொண்டுபோனால் அறைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக் கூடத்தில் வெளிச் சாப்பாட்டைப் பிரிக்கும் முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஓசாகா ஓரம் | 17 செப்டம்பர், காலை 7:10

சைவம்னா கோயாசான். குக்காய்ங்கற துறவி 816இல் தொடங்கின மடங்கள் ஊர். மடத்து விடுதிக்கு 'ஷுகுபோ'ன்னு பேரு. சாப்பாடு ஷோஜின் ரியோரி: இறைச்சி மீன் கிடையாது, வெங்காயம் பூண்டும் கிடையாது. எள்ளு தோஃபு, உறையவச்சு உலர்த்தின கோயா தோஃபு. அம்மா நிம்மதியா சாப்பிடுவாங்க.

மலைமுகடு | 17 செப்டம்பர், காலை 7:45

சாப்பாட்டுக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் 800 மீட்டருக்கு மேலே, மலைகள் சூழ்ந்த கிண்ணத்துக்குள் இருக்கிற ஊர் அது. தேவதாரு மரங்களும் தோட்டமும் தெரியும், சிகரம் தெரியாது. விடியற்காலைப் பூஜை உண்டு. பல மடங்களில் கழிப்பறையும் குளியலறையும் பொது, நடைபாதை குளிரும். ஃபூஜி ஒரு ராத்திரி, கோயாசான் ஒரு ராத்திரி என்று இரண்டையும் வைத்துக்கொள்ள முடிந்தால் அம்மாவுக்கு இரண்டு நல்ல சாப்பாடாவது உறுதி.

சுரங்கப்பாதை | 17 செப்டம்பர், இரவு 10:00

குளியல் பத்தி யாருமே சொல்லலையே? மலையைப் பார்த்துக்கிட்டே வெந்நீர்ல உட்கார்றதுக்குத்தானே போறதே!

மலைமுகடு | 18 செப்டம்பர், இரவு 9:15

முதலில் காட்சியைச் சொல்லிவிடுகிறேன், விளம்பரப் படத்தில் தெரியாத விஷயம் இது. திறந்தவெளிக் குளத்துக்கு மறைப்பு வேலி இருக்கும். பெண்கள் பக்கம் வேலி இன்னும் உயரம். நின்றால் மலை, உட்கார்ந்தால் பலகை. உள்குளத்தில் பெரிய கண்ணாடி இருக்கும், டிசம்பரில் அது முழுக்க ஆவி படிந்திருக்கும். காட்சி நல்ல குளத்தைச் சாயங்காலம் ஆண்களுக்கும் காலையில் பெண்களுக்கும் மாற்றிவிடும் விடுதிகள் நிறைய உண்டு. எத்தனை மணிக்கு மாறும் என்று வரவேற்பிலேயே கேளுங்கள். மாறாத இடமானால், அம்மாவுக்காகக் 'காஷிகிரி' குளம், அதாவது முக்கால் மணி நேரம் போலத் தனியாக வாடகைக்கு விடுவது, விடியலுக்குக் கேட்டுப் பாருங்கள். எதிர்ப்பக்கத்துத் துணித்திரையில் நுழைந்துவிடாமலிருக்க, நீலம் ஆண்கள், சிவப்பு பெண்கள் என்பதை நினைவில் வைத்தால் போதும். அதுவும் நேற்று இருந்த பக்கத்தில் இன்று இருக்காது.

குளத்தில் இறங்குமுன் சிறு முக்காலியில் உட்கார்ந்து சோப்புப் போட்டு முழுக்கக் குளித்து, நுரை ஒரு துளி இல்லாமல் அலசிவிட வேண்டும். குளத்தில் அழுக்குத் தேய்ப்பது கிடையாது, உடுப்பும் கிடையாது. சிறு துண்டு தண்ணீரில் படக்கூடாது. மடித்துத் தலையில் வைத்துக்கொள்வார்கள். நீளமான கூந்தலை உச்சியில் முடிந்துகொள்ள வேண்டும். தண்ணீர் பெரும்பாலும் 40 முதல் 42 டிகிரி. முதல் முறை 5 நிமிடம், ஏறி உட்கார்ந்து ஆறிவிட்டு மறுபடி. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே குளிர், உள்ளே வெந்நீர்: வயதானவர்களுக்கு ரத்த அழுத்தம் சட்டென்று ஏறி இறங்கும். கால், தொடை, தோள் என்று வெந்நீரை முகந்து ஊற்றிவிட்டு இறங்குவது இதற்காகத்தான். சாப்பிட்ட உடனேயும் மது அருந்திவிட்டும் இறங்க வேண்டாம். அப்பா ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவரானால் தனியாக விடாதீர்கள்.

பச்சை குத்தியிருந்தால் பொதுக் குளத்தில் அனுமதி இல்லாத இடங்கள் இன்னும் உண்டு. அம்மா கையில் பச்சை இருந்தால் முன்னாலேயே கேட்டுவிடுங்கள்.

வெள்ளி மெட்டி, கொலுசு எல்லாம் அறையிலேயே கழற்றி வையுங்கள். கந்தக நீரில் வெள்ளி கறுத்துப்போகும். கவாகுச்சிகோவைவிட ஓவாக்குதானி நீர் பாய்கிற விடுதிகளிலும் குசாட்சு என்ற வெந்நீர் ஊரிலும் இது நிச்சயம். குசாட்சு நீர் அமிலம், பிஎச் 2 வாக்கில். அங்கே குளித்த பிறகு நல்ல தண்ணீரில் அலசிக்கொள்வது தோலுக்கு நல்லது.

மலைமுகடு | 18 செப்டம்பர், இரவு 9:40

'அறையோடு சேர்ந்த திறந்தவெளிக் குளியல்' என்று இருந்தால் அது வெந்நீர் ஊற்றா, குழாய் நீரைச் சுடவைத்ததா என்று கேளுங்கள். 1948 சட்டப்படி ஊற்றில் 25 டிகிரிக்கு மேல் இருந்தால், அல்லது குறித்த 19 பொருட்களில் ஒன்று போதிய அளவு இருந்தால்தான் அது 'ஒன்சென்', அதாவது வெந்நீர் ஊற்று. உடைமாற்றும் அறைச் சுவரில் நீரின் பகுப்பாய்வுத் தாள் மாட்டியிருக்கும். அறைத் தொட்டிக்கு வெறும் குழாய் நீர் வருகிற இடங்களும் உண்டு.

பொன்னி | 20 செப்டம்பர், இரவு 8:20

அப்பாவுக்கு முட்டி வலி. தரையில படுத்து எழுந்திருக்கிறது கஷ்டம். இதுக்கு என்ன வழி?

மலைமுகடு | 20 செப்டம்பர், இரவு 9:05

'வாயோஷிட்சு' கேளுங்கள்: கட்டில் ஒரு பக்கம், தத்தாமிப் பாய் ஒரு பக்கம். நீங்கள் பாயில் ஃபூத்தான் மெத்தையில், அவர்கள் கட்டிலில். அது கிடைக்காவிட்டால் மெத்தையை இரட்டையாகப் போடச் சொல்லலாம், கேட்டால் செய்வார்கள். சாப்பாடு அறையில் என்றால் பெரும்பாலும் தாழ்ந்த மேசை, கால் இல்லாத நாற்காலி, அப்பாவால் முடியாது. மேசை நாற்காலி போட்ட சாப்பாட்டுக் கூடம் உள்ள இடமாகப் பாருங்கள். மின்தூக்கி இருக்கிறதா, குளத்துக்குப் போகும் வழியில் எத்தனை படி என்பதையும் கேளுங்கள். மலைச்சரிவில் கூட்டிக் கூட்டிக் கட்டிய விடுதிகளில் இது பெரிய விஷயம்.

அறைக்குள் ஜன்னலை ஒட்டி மரத்தரை போட்ட ஒரு குறுகிய இடம் இருக்கும், 'ஹிரோஎன்' என்பார்கள். இரண்டு நாற்காலி, நடுவில் ஒரு சின்ன மேசை. இரவுச் சாப்பாடு முடிந்து மெத்தைகள் விரித்துக் கிடக்கும்போது உட்கார அறையில் வேறு இடம் இல்லை. அப்பாவுக்கு அதுதான் சிம்மாசனம். காகிதம் ஒட்டிய ஷோஜிக் கதவை இழுத்தால் வெந்நீர்க் கெண்டியோடு விடியும் வரை அங்கேயே இருக்கலாம், தூங்குகிறவர்கள் மேல் வெளிச்சம் விழாது. காலையில் கண்ணாடியின் கீழ்ப்பாதி வியர்த்திருக்கும், துடைக்கச் சின்னத் துண்டைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். புதிதாகக் கட்டிய அறைகளில் இந்த இடம் இல்லாமலும் இருக்கும், படத்தில் பாருங்கள்.

மலைமுகடு | 20 செப்டம்பர், இரவு 9:30

சின்னச் சின்னது. செருப்பு வாசலோடு. நடைபாதைச் செருப்பும் தத்தாமியில் ஏறக்கூடாது. கழிப்பறைக்குள் தனிச் செருப்பு இருக்கும், அதோடு வெளியே வந்துவிடக்கூடாது. சக்கரப் பெட்டியைப் பாயில் உருட்டினால் கோரை கிழியும், தூக்கி வைத்து அடியில் துணி விரியுங்கள். சித்திரம் மாட்டிய மாடத்தில் பெட்டி வைக்க வேண்டாம். விடுதி தரும் பருத்தி அங்கியான யுகாதாவில் வலப்பக்கத்தை முதலில் உடம்போடு ஒட்டி, அதன்மேல் இடப்பக்கத்தைக் கொண்டுவர வேண்டும். மாற்றிக் கட்டுவது இறந்தவர்களுக்கு. டிசம்பரில் மேலே ஹவோரி என்கிற மேலங்கியும் தருவார்கள், குளத்துக்கும் சாப்பாட்டுக் கூடத்துக்கும் அதோடே போகலாம். டிப்ஸ் கட்டாயம் இல்லை. வெளிநாட்டுப் பயணிகளிடம் பாஸ்போர்ட் கேட்டு நகல் எடுப்பது வழக்கம், கேட்டதும் கொடுத்துவிடுங்கள்.

சுரங்கப்பாதை | 21 செப்டம்பர், காலை 8:00

மலை விடுதி அறையில மேசை மேல ஒட்டுநாடா வச்சிருக்காங்களே, எதுக்கு?

மலைமுகடு | 21 செப்டம்பர், காலை 8:20

'காமெமுஷி' நாற்றப்பூச்சிக்கு. இலையுதிர் காலத்தில் குளிருக்கு ஒதுங்க ஜன்னல் சந்து வழியாக உள்ளே வரும். அடித்தால் அறை முழுக்க நாறும். நாடாவின் பசைப் பக்கத்தை மேலே மெதுவாக ஒற்றி, பூச்சி ஒட்டியதும் மடித்து மூடிவிட வேண்டும். அறை அசுத்தம் என்று புகார் எழுதாதீர்கள், காடு பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம்.

பொன்னி | 27 செப்டம்பர், இரவு 9:45

வடகரையில செவ்வாய்க்கிழமை ராத்திரி எடுத்தாச்சு. நாலாவது தளம், ஃபுஜிசான் காவா, வாயோஷிட்சு. கொம்பு தாஷி மட்டும்னு சமையலறையே ஒத்துக்கிட்டு எழுதியிருக்காங்க! சாப்பாடு 6 இல்ல 7 மணி, காலைச் சாப்பாடு 7 இல்ல 8 மணி. எது எடுக்க? பெரிய பெட்டி நாலு இருக்கே, அதை என்ன பண்ண?

மலைமுகடு | 27 செப்டம்பர், இரவு 10:30

சாப்பாடு 6, காலை 8. அந்த வாரம் சூரிய உதயம் 6:40 வாக்கில். 6 மணிக்கு எழுந்து ஜன்னலில் இருங்கள், வெளிச்சம் மலை முழுக்க இறங்கியதும் குளத்துக்குப் போய்விட்டு வந்து நிதானமாகச் சாப்பிடலாம். 7 மணிச் சாப்பாடு எடுத்தால் நல்ல வெளிச்சத்தைக் கூடத்தில் உட்கார்ந்து கழிப்பீர்கள்.

பெட்டிகளை முந்தின நாள் காலை டோக்கியோ ஓட்டல் வரவேற்பில் தக்யுபின் என்கிற பெட்டி அனுப்பும் சேவையில் போட்டுவிடுங்கள், மறுநாள் விடுதிக்கு வந்துவிடும். சீட்டில் முன்பதிவு செய்த பெயரும் தங்கும் தேதியும் எழுதுங்கள். பெயர் ஒத்துப்போகாவிட்டால் வரவேற்பில் தேட வேண்டியிருக்கும். மாத்திரை, ஒருநாள் உடுப்பு, பருப்புப் பொடி கைப்பையில். ரத்து விதியையும் படித்துவையுங்கள், ஒரு வாரம் முன்பிருந்தே பிடித்தம் தொடங்கும் இடங்கள் உண்டு. குளியல் வரி ஒருவருக்கு ஒரு நாளைக்கு 150 யென், பல இடங்களில் நேரில் ரொக்கமாக வாங்குவார்கள்.

நிலையத்திலிருந்து விடுதி வண்டி உண்டா, எத்தனை மணிவரை ஓடும் என்று நாளைக்கே எழுதிக் கேட்டுவிடுங்கள். ரயில் வந்து சேரும் நேரத்தையும் அதே கடிதத்தில் போட்டுவிடுங்கள்.